தீர்வு வேற, தீர்வை வேற

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்கட பேப்பர்ல ஒரு கட்டுரை வந்திரிந்திச்சி. பாராளுமன்றப் பேச்சுகளக் கம்ப்யூட்டர்ல போட்டு எந்தச் சொல்லு எத்தின தரம் வருது, எந்த வருசத்தில கூடுது, எந்த வருசத்தில குறையுது எண்டு பாக்கிற விசயம். ரெண்டு தரம் வாசிச்சன், ஒருக்கா தேத்தண்ணியோட, மறுகா கண்ணாடிய மாத்திப் போட்டுட்டு. இதப்பத்தித் தமிழ்ல ஒரு பேப்பர் ஒரு முழுப்பக்கம் குடுத்ததே பெரிய காரியம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா கடைசிப் பந்தியில மனுசன் பொய் சொல்லுவான், எண்ணிக்கை பொய் சொல்லாது எண்டு ஒரு வசனம் போட்டிரிந்தீங்க பாருங்க, அந்த இடத்திலதான் எனக்குக் கை அரிக்கத் தொடங்கினது. எண்ணிக்கையும் பொய் சொல்லும் ஐயா. தமிழ்ல எண்டா இன்னும் கூடச் சொல்லும். நான் 30 வருசத்துக்கு மேல அரசாங்கக் கந்தோர்ல மொழிபெயர்ப்பாளரா இருந்து பென்சன் எடுத்த பொம்புள, சுற்றுநிருபம், வர்த்தமானி, பாராளுமன்றக் கேள்விக்கு அனுப்புற மறுமொழி எண்டு சொல்லோடயே கட்டிப்புரண்டு கிழடானவள், அதால இத எழுதுறன். கொஞ்சம் நீளமாப் போகும், வெட்டிப் போடுறதெண்டா முன்னுக்கு வெட்டுங்க, பின்னுக்கு வெட்டாதீங்க.

உங்கட கட்டுரைய வாசிச்சிட்டு என்ட தம்பிர மகன் லெப்டொப்போட வந்திட்டான். அவன் கம்ப்யூட்டர் படிச்ச பொடியன், வேலை தேடிட்டு இரிக்கான், அதால நேரம் இரிக்கி. மாமி, நாமளும் செஞ்சி பாப்பமா எண்டான். சும்மா கிடைக்கிற சொப்ட்வெயார் ஒண்டு இரிக்காம், அன்ட்கான்க் எண்டு பேர், ஜப்பான் வசேதா பல்கலைக்கழகத்தில இரிக்கிற லோரன்ஸ் அந்தனி எண்டவர் செஞ்சது, காசு இல்ல. ஃபைலக் குடுத்தா சொல்ல எண்ணித் தரும், அந்தச் சொல்லு வாற ஒவ்வொரு வரியையும் நடுவில நிப்பாட்டி இடது பக்கம் என்ன, வலது பக்கம் என்ன எண்டு வரிசையாக் காட்டும். இதுக்குத் தமிழ்ல பழைய பேர் ஒண்டு இரிக்கி, சொல்லடைவு. சங்க இலக்கியத்துக்கும் திருக்குறளுக்கும் புலவர்மார் வருசக்கணக்காக் கையால எழுதிச் சேர்த்த அதே வேலைய இந்தப் பெட்டி ஒரு செக்கன்ல செய்யுது, எனக்குப் பொறாமையா இரிந்திச்சி, பொய் சொல்லல்ல.

சரி எண்டு எங்களுக்குக் கிடைச்ச தமிழ்ப் பேச்சுகள் கொஞ்சத்தப் போட்டம். அரசியல் தீர்வு, இனப்பிரச்சினைக்குத் தீர்வு எண்டு எங்கட ஆக்கள் கதைச்சிக் கதைச்சித் தேய்ஞ்ச சொல்லுத்தானே, அதப் பாப்பம் எண்டு தீர்வு, தீர்வுக்கு, தீர்வின், தீர்வை எண்டு எல்லா உருவமும் குடுத்தம். அப்ப பாத்தா நவம்பர், டிசம்பர் மாசத்துப் பேச்சுகள்ல கோடு செங்குத்தா ஏறுது. பொடியன் எழும்பி நிண்டுட்டான். மாமி, பட்ஜெட் காலத்திலதான் எங்கட எம்பிமார் தீர்வப்பத்திக் கூடக் கதைக்காங்க, அரசாங்கத்துக்கு அந்த நேரத்தில ஓட்டு வேணுமில்லியா, அதால பேரம் பேசுறாங்க, இது பெரிய கண்டுபிடிப்பு, பேப்பருக்கு எழுதுவம் எண்டான். காரணமெல்லாம் அவனாகவே கட்டி முடிச்சிட்டான், கோடு ஏறினா காரணம் தானா வந்திரும் போல. நான் வரிகள ஒவ்வொண்டா வாசிக்கச் சொன்னன். பால்மா மீதான தீர்வை. வாகன இறக்குமதித் தீர்வை. சுங்கத் தீர்வை. எனக்கு வந்த சிரிப்புக்குத் தேத்தண்ணி மூக்கால போச்சி. மனே, இது கஸ்டம்ஸ்காரன் வாங்குற தீர்வைடா, நீ தேடுற தீர்வு இல்ல எண்டன். பாவம், முகம் சுண்டிப் போச்சி.

இந்தியாவில இருக்கிறவங்களுக்கு இந்தக் குழப்பம் அவ்வளவு வராதெண்டு நினைக்கிறன், அங்க பேச்சில கூடுதலா வரி எண்டுட்டுப் போயிடுவாங்க. எங்கட நாட்டு அரசாங்கத் தமிழ்ல தீர்வை எண்டா இறக்குமதிக்குக் கட்டுற காசு, அது தனிச்சொல்லு. தீர்வோட ஐ சேர்ந்தாலும் எழுத்தில அதே தீர்வைதான். எழுத்து ஒண்டு, சொல்லு ரெண்டு. பட்ஜெட் காலத்தில தீர்வை கூடாம வேற என்ன கூடும்?

இத நான் பகிடிக்கு மட்டும் எழுதல்ல. தமிழ்ச் சொல்லுக்கு வால் நீளம். மக்கள் எண்டு எண்ணினா மக்களுக்கு, மக்களுடைய, மக்களையும், மக்களாகிய எண்டு எல்லாம் வெளிய நிண்டுரும், மக்களுக்குக் எண்டு பின்னால ஒரு க் ஒட்டினா மெசினுக்கு அது வேற சொல்லு. அதால இந்த வேலை செய்யிறவங்க முதல்ல வால வெட்டி அடிச்சொல்ல எடுப்பாங்களாம், பொடியன் சொன்னான், அதுக்கெண்டு புரோகிராம் இரிக்காம். சரி, வால வெட்டினாப் பிரச்சின தீர்ந்திச்சா எண்டு கேட்டன். மறுகா நான் அவனுக்கு இன்னொரு சொல்லக் குடுத்தன்.

காணாமல்.

2016ல பாராளுமன்றம் நிறைவேத்தின சட்டத்தால வந்த அலுவலகத்துக்குத் தமிழ்ல பேர் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். ஆனா பிள்ளையப் பறிகுடுத்த தாய்மார் ரோட்டில இருந்து பிடிக்கிற பதாகையில காணாமற்போன எண்டு இரிக்காது, காணாமல் ஆக்கப்பட்ட எண்டுதான் இரிக்கும், வலிந்து எண்டும் முன்னுக்குப் போட்டிரிப்பாங்க. போன எண்டா அவன் தானாப் போனவன், கோயில் திருவிழாவில கை தவறின புள்ள மாதிரி. ஆக்கப்பட்ட எண்டா ஆரோ ஆக்கினான், ஆக்கினவன் ஒருத்தன் இரிக்கான், அவன்ர பேர் மட்டும்தான் வசனத்தில இல்ல. பள்ளிக்கூடத்தில செயப்பாட்டுவினை எண்டு படிச்சிட்டு மறந்த இலக்கணம், இந்த நாட்டில அதுக்குள்ள ஒரு வழக்கே கிடக்கு. 1990 செப்டெம்பர் 5ஆம் தேதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமில இருந்து கொண்டு போன 158 பேர்ர வீட்டாக்களிட்டப் போய் உங்கட புள்ள எப்ப காணாமப் போனான் எண்டு கேட்டுப் பாருங்க, கேள்வியத் திருத்தித்தான் உங்களுக்கு மறுமொழி வரும்.

இப்ப வால வெட்டுற புரோகிராம் என்ன செய்யும்? காணாமற்போன, காணாமல்போன, காணாமல் ஆக்கப்பட்ட, காணாமலாக்கப்பட்ட எல்லாத்தையும் காணாமல் எண்டு ஒரு சாக்கில போட்டுக் கட்டி இந்த விசயம் இந்த வருசம் இத்தின தரம் எண்டு சொல்லும். விசயம் இரிந்தது அது வெட்டி எறிஞ்ச வாலுக்குள்ள. எந்த எம்பி எந்த வருசத்தில போனயில இருந்து ஆக்கப்பட்டக்கு மாறினார், எந்த அமைச்சர் கடைசி வரைக்கும் மாறவே இல்ல, எதிர்க்கட்சியில இருக்கக்குள்ள ஆக்கப்பட்ட எண்டவர் அமைச்சராகினதும் போன எண்டாரா, இதத்தான் பாக்கணும். தீர்வையில வால் எங்களப் பேய்க்காட்டினது. இங்க வால வெட்டினா உயிரே போயிடும். எந்த இடத்தில வெட்டுறது, எந்த இடத்தில விடுறது எண்டு சொல்ல சொல்லு தெரிஞ்ச மனுசர் ஒருத்தர் பக்கத்தில இருக்கணும் ஐயா, அதுக்குக் கம்ப்யூட்டர் படிச்சிரிக்கத் தேவையில்ல.

வெளிநாட்டில இந்த வேலை கன காலமா நடக்குதாம். இங்கிலாந்தில 1803ல இருந்து 2005 வரைக்குமான ஹன்சார்ட்ட, அதாவது பாராளுமன்றப் பேச்சுகள அச்சடிக்கிற புத்தகத்த, கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிரிக்காங்க, 160 கோடிச் சொல்லாம், ஆரும் வீட்டில இருந்து தேடலாம். அமெரிக்காவில ஜென்ட்ஸ்கோ, ஷப்பிரோ, டடி எண்டு மூண்டு பேர் 1873ல இருந்து 2016 வரைக்கும் காங்கிரஸ் பேச்சுகள எடுத்து, ஒருத்தர் பேசினதக் கேட்டா அவர் எந்தக் கட்சி எண்டு சொல்லிலயே பிடிக்க ஏலுமா எண்டு பாத்திரிக்காங்க. நூறு வருசத்துக்கு மேல பெரிசா வித்தியாசம் இல்லியாம், 1990க்குப் பிறகுதான் ரெண்டு கட்சியும் ரெண்டு பாஷை பேசத் தொடங்கினதாம். செத்தவர்ர சொத்துக்குப் போடுற வரிய ஒரு கட்சி சொத்து வரி எண்ண மற்றக் கட்சி சாவு வரி எண்ணுது, வரி ஒண்டுதான். எங்களுக்கு இது புதுசா? ஒரே கந்தோரக் கல்முனையில ஒருத்தர் வடக்குப் பிரதேச செயலகம் எண்ணுறார், இன்னொருத்தர் உப பிரதேச செயலகம் எண்ணுறார், பேரச் சொன்ன உடனேயே ஆள் தமிழ்ப் பக்கமா முஸ்லிம் பக்கமா எண்டு ஓட்டோக்காரனுக்கும் விளங்கும், சொப்ட்வெயார் தேவையில்ல.

கனடாக் கதை ஒண்டு எனக்குக் கொஞ்சம் நோகும். அங்க பாராளுமன்றப் பேச்சு முழுக்க இங்கிலீஷ், பிரெஞ்ச் ரெண்டிலயும் இரிக்கி, ஒண்டுக்கு ஒண்டு மொழிபெயர்ப்பு. 1980களின்ர கடைசியில ஐபிஎம் கம்பெனிக்காரர் அந்த ரெண்டையும் அக்கம்பக்கமா வச்சித்தான் மெசினுக்கு மொழிபெயர்க்கப் படிப்பிச்சிரிக்காங்க. என்னப்போல ஆக்கள் மாசச் சம்பளத்துக்கு இருந்து எழுதினதப் பாத்துப் படிச்சித்தான் மெசின் எங்கட வேலையப் பிடிச்சது. சரி, அது வேற கதை.

எங்கட ஹன்சார்ட் அப்பிடி இல்ல, இத உங்கட கட்டுரை சொல்லவே இல்ல. எங்கட புத்தகத்தில ஆர் எந்த மொழியில பேசினாரோ அந்த மொழியிலதான் அச்சாகும். ஒரு பக்கத்தில சிங்களம், அடுத்த பந்தி தமிழ், இடையில இங்கிலீஷ். அதால தமிழ்ச் சொல்ல மட்டும் தேடிட்டுத் தமிழ் எம்பிமார் இதப்பத்திப் பேசல்ல எண்டு எழுதினா அது அநியாயம். தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வா பாராளுமன்றத்தில இங்கிலீஷிலதான் பேசினவர். சமஷ்டி எண்டு 1950கள்ல தேடினா அவர்ர வாய் அகப்படாது, ஃபெடரல் எண்டு தேடணும். இண்டைக்கும் எங்கட பக்கத்து எம்பிமார் கன பேர் அமைச்சருக்கு விளங்கணும் எண்டதுக்காகச் சிங்களத்துக்குக் கிறுகிடுவாங்க, முக்கியமான இடம் வரக்குள்ளதான் கிறுகிறது. தமிழ்ல எண்ணினா முக்கியமான இடந்தான் விடுபடும்.

1944ல அரசாங்க சபையில ஜே.ஆர். ஜயவர்தன சிங்களத்த அரச கரும மொழியாக்கணும் எண்டு பிரேரணை கொண்டு வரக்குள்ள தமிழையும் சேருங்க எண்டு திருத்தம் கொண்டு வந்தவர் ஆர் தெரியுமா? திருகோணமலை மட்டக்களப்பு உறுப்பினர் வ. நல்லையா, பிறகு எங்கட கல்குடாத் தொகுதி எம்பியா இரிந்தவர். எங்கட பொடியன்மாருக்கு இந்தப் பேரே தெரியா. தமிழுக்காகப் பேசின அந்தப் பேச்சும் தமிழ்ல தேடினா வராது, இங்கிலீஷில கிடக்கு. அந்தக் காலத்தில சுதேச மொழிகள் எண்டுதான் சிங்களத்தையும் தமிழையும் ஒரே மூச்சில சொன்னவங்க. 1956ல அரச கரும மொழி எண்டா ஒண்டுதான் எண்டாச்சி, 1958ல தமிழ் விசேட ஏற்பாடுகளுக்குள்ள போச்சி, 1978ல தேசிய மொழி எண்டு ஒரு பட்டம் குடுத்தாங்க, 1987ல 13ஆம் திருத்தத்தில தமிழும் ஒரு அரச கரும மொழி எண்டாங்க. அந்த உம் இரிக்கே, ஒரே ஒரு உம், அத எந்தப் புரோகிராமும் வாலெண்டு வெட்டிடும், அந்த உம்மை எத்தின தரம் டைப் பண்ணியிருப்பன் எண்டு எனக்குத்தான் தெரியும்.

இன்னொண்டு சொல்லணும். கோடு இறங்கினா ஆக்கள் அந்த விசயத்த விட்டுட்டாங்க எண்டு அர்த்தமில்ல. 1977 தேர்தல்ல தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனம் எடுத்தது. 1983 ஆகஸ்ட்டில 6ஆம் திருத்தம் வந்து, தனிநாடு கேக்க மாட்டன் எண்டு சத்தியம் பண்ணணும் எண்டு சொல்ல, பண்ணாம ஆசனம் போச்சி. அதுக்குப் பிறகு 1989 வரைக்கும் அந்தச் சபையில சில சொல்லுகள் விழுந்துதான் இரிக்கும். மெசின் அதப் பாத்துத் தமிழர் பிரச்சினையில ஆர்வம் குறைஞ்சது எண்டு சொல்லும், பேசுற கூட்டணி ஆக்களே உள்ள இல்ல ஐயா. நாடு பத்தி எரிஞ்ச காலம் அது. அதே மாதிரி 1947ல சபையில 101 பேர், இப்ப 225 பேர், ஆக்கள் கூடினாச் சொல்லும் கூடும், பத்தாயிரம் சொல்லுக்கு எத்தின எண்டு கணக்குப் போட்டாத்தான் ஒரு வருசத்தோட ஒரு வருசம் வச்சிப் பாக்கலாம். உங்கட கட்டுரையோட வந்த கோட்டுப்படத்தில எண்ணிக்கை மட்டுந்தான் இரிந்திச்சி, எத்தினையில எத்தின எண்டு இல்ல.

எனக்கு ஆசையெண்டா ஒண்டுதான். எங்கட சொல்லின் செல்வர் இராசதுரை 1956ல இருந்து 1989 வரைக்கும் மட்டக்களப்பு எம்பி. 1979ல ஆளுங்கட்சிக்குப் போய் அமைச்சரானவர். நல்லவரா கெட்டவரா எண்ட சண்டைய விடுங்க, எங்கட வீட்டிலயே அப்பாவும் சித்தப்பாவும் அதுக்காக ஒரு வருசம் கதை பேச்சில்லாம இரிந்தவங்க. ஆராய்ச்சிக்கு இத விட நல்ல ஆள் கிடைக்குமா சொல்லுங்க. ஒரே மனுசன், ஒரே தொகுதி, ஒரே நாக்கு, தமிழ்க் கட்சிக் கதிரையில 23 வருசம், அமைச்சர் கதிரைப் பக்கம் 10 வருசம். அந்தப் பேச்சுகள ரெண்டாப் பிரிச்சி அக்கம்பக்கமா வச்சா கதிரை மாறக்குள்ள எந்தச் சொல்லு மாறுது, எது மாறாம நிக்குது எண்டு தெரியும். உரிமை குறைஞ்சி அபிவிருத்தி கூடியிருக்கும் எண்டு எல்லாரும் சும்மா சொல்லிருவம், நானும் அப்பிடித்தான் நினைக்கிறன், ஆனா பாக்காம நம்பக்கூடாது, தீர்வையில சூடு பட்டதுக்குப் பிறகு நான் எதையும் பாக்காம நம்புறதில்ல.

சொல்லு அப்பிடியே நிண்டு அர்த்தம் கிறுகிற கூத்தும் இரிக்கி. 2015ல வந்த அரசாங்கத்த நல்லாட்சி எண்டாங்க, அப்ப அந்தச் சொல்லு நம்பிக்கை. ரெண்டு மூண்டு வருசத்தில அதே சொல்ல நக்கலுக்குத்தான் சொன்னவங்க, நல்லாட்சிதானே, அனுபவிங்க எண்டு. எண்ணினா ரெண்டும் ஒண்டு. 2017ல அரசியலமைப்பு இடைக்கால அறிக்கை வரக்குள்ள ஏக்கிய ராஜ்ய, ஒருமித்த நாடு எண்டு ரெண்டு மொழிச் சொல்லையும் அப்பிடியே போட்டாங்க, இங்கிலீஷ் அறிக்கையிலயும் அதுகள மொழிபெயர்க்கவே இல்ல. ஏக்கிய எண்டதச் சிங்களத்தில ஒற்றையாட்சி எண்டு எடுப்பாங்க, ஒருமித்த எண்டதத் தமிழ்ல ஒண்டு சேர்ந்த நாடு எண்டு எடுப்பாங்க, மொழிபெயர்த்தா எந்தப் பக்கமாவது சண்டை வரும். என்ட வாழ்க்கையில நான் பாத்த கெட்டித்தனமான மொழிபெயர்ப்பு அது, மொழிபெயர்க்காம விட்டது. ஒருமித்தவையும் ஒற்றையாட்சியையும் ஒரே அர்த்தமெண்டு மெசினுக்குச் சொல்லிக் குடுத்தீங்களெண்டா அந்த வருசத்து விவாதம் முழுக்க வீண். 2022ல கொழும்பில சனம் கூடினதைத் தமிழ்ல கன பேர் அரகலய எண்டு சிங்களத்திலயே எழுதினவங்க. போராட்டம் எண்டு நல்ல தமிழ்ச்சொல்லு இரிக்கக்குள்ள ஏன்? எங்களுக்குப் போராட்டம் எண்டா அது வேறொண்டு, அந்தச் சொல்லுக்குள்ள வேற ஆக்கள் படுத்திரிக்காங்க. இதெல்லாம் ஒரு சொல்லுக்குப் பக்கத்தில எந்தச் சொல்லு வருது எண்டு பாத்தாத்தான் பிடிபடும். ஆரோட சேருறான் எண்டு பாத்தா ஆள் ஆரு எண்டு தெரியும் எண்டு எங்கட அம்மா அப்பா காலத்துச் சனம் சொல்லுறதுதானே, சொல்லுக்கும் அதுதான்.

யானைய எடுங்க. படுவான்கரையில வேளாண்மைக்குள்ள யானை வந்து ஆள அடிச்சிட்டுப் போகுது, மின்சார வேலி வேணும், யானை வெடி வேணும் எண்டு எங்கட எம்பிமார் சபையில கேக்காங்க. அதே சபையில யானை எண்டா ஒரு கட்சியின்ர சின்னம். வேலி, வெடி, வயல் பக்கத்தில இரிந்தா நாலு கால் யானை, வாக்கு, சின்னம் பக்கத்தில இரிந்தா மற்ற யானை. பொடியனுக்கு இது சரியாப் பிடிச்சிக்கிச்சி, இப்ப எந்தச் சொல்லக் குடுத்தாலும் முதல்ல அக்கம்பக்கம் பாக்கான்.

வேளாண்மை எண்டு எழுதினன் பாருங்க, அதுவும் ஒரு கண்ணி. எங்கட பக்கம் வேளாண்மை எண்டா வயல்ல நிக்கிற நெல்லு. யாழ்ப்பாணத்தார் கமம் எண்ணுவாங்க, கந்தோர்ப் பேர்ல கமநலம், கமத்தொழில் எண்டு இரிக்கும், டிவியில விவசாயம் எண்டு வரும். கொழும்பிலயோ வெளிநாட்டிலயோ இருந்து ஒருத்தர் விவசாயம் எண்ட ஒரு சொல்ல மட்டும் தேடிட்டு கிழக்கு எம்பிமார் விவசாயிக்காகப் பேசல்ல எண்டு எழுதினா மண்டூர்ல, சம்மாந்துறையில இருக்கிற வேளாண்மைக்காரன் என்ன செய்வான்? ஊர்ப்பேரும் அப்பிடித்தான். கல்லோயா எண்டு தேடுறவருக்குப் பட்டிப்பளை ஆறு அகப்படாது, 1949ல திட்டம் வந்ததுக்குப் பிறகுதான் பழைய பேர் பின்னுக்குப் போனது. அம்பாறை எண்டு தேடினா தேர்தல் மாவட்டப் பேர் திகாமடுல்ல எண்டு வேறயா நிக்கும். அம்பாறை தனி மாவட்டமானது 1961ல, அதுக்கு முதல் எல்லாம் மட்டக்களப்புத்தான், அதால 1950கள்ல அம்பாறைப் பிரச்சின குறைவாப் பேசப்பட்டது எண்டு மெசின் சொன்னா நம்பாதீங்க. குடியேற்றம் எண்டு சபையில பேசுவாங்க, ஊருக்குள்ள அதுக்குப் பேர் கொலனி, ரெண்டையும் தேடணும்.

இதெல்லாம் செய்யிறதுக்கு முதல் எழுத்து எழுத்தா இருக்கணுமே. பழைய கந்தோர் ஃபைல் எல்லாம் பாமினி ஃபொன்ட்டில அடிச்சது, நானும் அதிலதான் அடிச்சன். யூனிகோட்டுக்கு மாத்தாமக் கொப்பி பண்ணினாத் தமிழ் எண்ட சொல்லு ஜே, கே, பி, ஓ, செமிகோலன் எண்டு இங்கிலீஷ் எழுத்தா வந்து விழும், அத எண்ணி என்ன செய்ய? அச்சில மட்டும் இருக்கிற பழைய புத்தகத்த ஸ்கேன் பண்ணி எழுத்தாக்கினா இன்னொரு கூத்து, அந்தக் கால ணை, லை, னை எல்லாம் தும்பிக்கை தூக்கின எழுத்து, இந்தக் கால எழுத்தில பழகின மெசின் அதக் கண்டா முழிக்கும். காலையும் ர வையும் மாத்திப் போடும். ஒரு பக்கத்தத் திருத்த எனக்கு ஒரு மணித்தியாலம் போச்சி, கண்ணில தண்ணி வந்திட்டு, விட்டுட்டன்.

அதோட ஹன்சார்ட்டில கிடக்கிறது பேசின பேச்சு அப்பிடியே இல்ல. எங்கட ஆள் சபையில நாங்க வந்திரிக்கம், பறைஞ்சிட்டம் எண்டு ஊர்த்தமிழ்ல சொன்னாலும் அச்சில வந்திருக்கிறோம், கூறிவிட்டோம் எண்டு சட்டை போட்டுத்தான் வரும். கெட்ட வார்த்தை பேசினா அக்கிராசனக் கட்டளைப்படி அகற்றப்பட்டுள்ளது எண்டு ஒரு கோடு, அவ்வளவுதான். அந்த வசனம் எந்த வருசத்தில கூட வருது எண்டு எண்ணினாலே ஒரு நல்ல கட்டுரை எழுதலாம், ஆரும் எடுத்து எழுதுங்க, எனக்கு நன்றி போடத் தேவையில்ல.

ஆசிரியர் ஐயா, நான் கேக்கிறது இதுதான். இனி இப்பிடி ஒரு கோட்டுப்படம் போடக்குள்ள அதுக்குக் கீழ சின்ன எழுத்திலயாவது எந்தச் சொல்லுகளத் தேடினீங்க, எந்த எந்த உருவத்தில தேடினீங்க, மூண்டு மொழியிலயும் பாத்தீங்களா ஒண்டிலயா, மொத்தம் எத்தின சொல்லுக்குள்ள எண்ணினீங்க எண்டு போடுங்க. போட்டீங்களெண்டா என்னப்போல ஆக்கள் பிழை பிடிச்சி எழுதுவம், உங்களுக்கும் நல்லம். கிழக்குப் பல்கலைக்கழகத்திலயும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலயும் மொழி படிக்கிற புள்ளைகளும் கம்ப்யூட்டர் படிக்கிற புள்ளைகளும் இரிக்காங்க, ஒரே வளவுக்குள்ள, ஒருத்தர ஒருத்தர் தெரியா. அவங்களோட ஓய்வெடுத்த ஸ்டெனோமார், மொழிபெயர்ப்பாளர்மார், வயல் தண்ணி பாக்கிற வட்டவிதானைமார் நாலு பேரக் கூப்பிட்டு இருத்தி ஒரு சொல்லுப் பட்டியல் செஞ்சா என்ன? கலைச்சொல்லுக்காக அந்தக் காலத்திலயே ஆக்களக் கூட்டி வச்சி வேலை செஞ்ச விபுலானந்த அடிகள் காரைதீவில பிறந்தவர், அவர் பிறந்த மண்ணுதானே இது. எங்கட சொல்ல நாங்க எழுதிக் குடுக்காட்டி ஆரோ ஒருத்தர் விவசாயம் எண்டு தேடி எங்களக் கணக்கில விட்டுட்டுப் போயிடுவார்.

போன கிழமை பொடியன் என்ட அலுமாரியக் கிண்டக்குள்ள நான் வேலைக்குச் சேர்ந்த புதுசில எழுதி வச்ச சொல்லுக் கொப்பி ஒண்டு அகப்பட்டது, நாப்பது பக்கக் கொப்பி, மட்டை பிஞ்சி. த எழுத்துப் பக்கத்தத் திறந்து பாத்தான். தீர்வை, சுங்கம், தீர்வோட குழப்பப்படாது எண்டு சிவப்பு மையால எழுதிக் கீழ ரெண்டு கோடும் போட்டிரிக்கன். ஏன் போட்டன் எண்டு இப்பதான் ஞாபகம் வருது, சேர்ந்த முதல் வருசத்தில நானே ஒரு சுற்றுநிருபத்தில அரசியல் தீர்வையும் மோட்டார் சைக்கிள் தீர்வையையும் மாத்தி அடிச்சிப் பெரிய ஐயாட்ட ஏச்சு வாங்கினனான். அத நான் பொடியனுக்குச் சொல்லல்ல. கொப்பி என்டயிலதான் இரிக்கி, இந்த வேலைய ஒழுங்காச் செய்யிறதெண்டு ஆரும் வந்தா ஸ்கேன் பண்ணிட்டுத் திருப்பித் தரணும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்,
கல்லடி, மட்டக்களப்பு.